மாமாவின் நடை

1968ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பதினோராம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அனலாக வீசி, கரை மணலை அள்ளிக் கடலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் வலது குதிக்காலில் ஓர் ஆணி ஏறியது. நேரம் இவ்வளவு திருத்தமாக நினைவிருப்பதற்குக் காரணம், இரண்டாம் பூசை முடிந்து கோயில் மணி அடித்து ஓய்ந்த கணம் அது. அந்த மணிக்குப் பிறகு நான்கு நாட்கள், சாவு எப்போது வரும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பிடித்த எண்ணும் பழக்கம் பிறகு விடவில்லை. காணிக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையோரம். அப்பா கரைவலை இழுப்பவர். ஆணி ஏறியது மாமா தந்த சப்பாத்துக்குள் இருந்து.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கொழும்பில் ஒரு பெரிய கொம்பனியின் உதைபந்தாட்டக் குழுவில் விளையாடினார். பேருக்குக் களஞ்சியத்தில் வேலை. உண்மையில் பந்தடிக்கத்தான் சம்பளம். பந்தடித்தால் காசு தருவார்கள் என்பதை எங்கள் கரையில் பாதிப்பேர் நம்பவில்லை. மீதிப்பேர் நம்பி, மாமாவைக் கோயிலுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார்கள். ஓகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். அன்று பின்னேரம் பக்கத்து ஊரோடு பந்தடி. மூன்று வருடம் தொடர்ந்து தோற்றிருந்தோம். அந்த வருடம் மாமா லீவு எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

அவர் வந்த மறுநாளே சிறுவர்கள் எல்லோரும் மாமாவாகிவிட்டோம். அவர் மாதிரி நடுவில் வகிடு எடுத்தோம். துவாயைக் கழுத்தில் சுற்றினோம். முக்கியமாக அவருடைய நடை. வலது காலை ஒரு கணம் பிந்தி எடுத்து, கொஞ்சம் இழுத்து வைப்பார். பார்ப்பவர்களுக்கு அதில் ஓர் அலட்சியம் தெரியும். பந்து தானாக வரட்டும் என்று காத்திருப்பவரைப் போல. நாங்கள் இருபத்திரண்டு பேர், ஒரு கால் இழுத்து, கரை முழுக்க நடந்து திரிந்தோம். சுவாமியார் ஒருநாள் பூசைப்பிரசங்கத்தில், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன பிணி பிடித்தது என்று கேட்டார்.

வந்திறங்கிய அன்று பின்னேரம் மணலில் அவரைச் சுற்றி இருந்தபோது ஒருவன் கேட்டான்.

"அடிபட்டா உங்களுக்கு நோகாதோ?"

"நோவெண்டது பொய்யடா," என்றார் மாமா. "பல்லைக் கடிச்சுக்கொண்டு ஓடு. அது தன்பாட்டிலை போயிடும்."

அன்று படுக்கப்போகும்போது இருபத்திரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொண்டு படுத்திருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சனிக்கிழமை மாமா தன்னுடைய பழைய சப்பாத்துச் சோடியை எனக்குத் தந்தார்.

"மருமோன், திருநாளண்டைக்கு நீதான் பந்தைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வாறாய். வெறுங்காலோடை வந்தா எனக்கு மரியாதை இல்லை, சரியோ?"

சப்பாத்துக்குள் என் கால் இரண்டு தரம் போகும். முன்னுக்குப் பழந்துணி அடைத்துக் கட்டிக்கொண்டேன். அந்தக் காலத்துப் பந்தடிச் சப்பாத்துகளின் அடியில் தோல் குமிழ்களை வைத்து ஆணியால் அறைந்திருப்பார்கள். தோல் தேயத் தேய ஆணியின் கூர் உள்ளே எழும்பும். மறுநாள் முதற்பூசை கண்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடிப் பழகும்போது எழும்பியது. நான் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். சப்பாத்தைக் கழற்றியபோது உள்ளே அடைத்திருந்த துணி சிவந்திருந்தது.

உப்புத் தண்ணீரில் நிற்பவர்களுக்குக் குதிக்கால் வெடிக்கும். வெடிப்புக்குள் உப்பு ஏறினால் உயிர் போகும். அதனால் எங்கள் கரையில் விடியற்காலை வலைக்கு இறங்குமுன் ஆண்கள் மெழுகுதிரி கொளுத்தி வெடிப்புக்குள் உருக்கி விடுவார்கள். கோயிலில் எரிந்து மிஞ்சிய துண்டானால் இன்னும் நல்லது. ஓட்டையென்றால் அடைக்க வேண்டும்: வள்ளத்துக்கும் அதுதான் வைத்தியம், காலுக்கும் அதுதான். அப்பா நாள்தோறும் செய்வதைப் பார்த்திருந்த நானும், மாதாவின் காலடியில் கிடந்த துண்டொன்றை எடுத்துவந்து ஆணித்துளையை மெழுகால் அடைத்தேன். இரத்தம் நின்றது. மேலே கொஞ்சம் மண் பூசினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் கெட்டித்தனத்தை எண்ணி மகிழ்ந்து கொஞ்ச நேரம் இருந்தேன்.

பிறகுதான் அந்த மனிதர் நினைவுக்கு வந்தார்.

அதற்கு முந்தின வருடம், வலையில் அப்பாவுக்குப் பின்னால் நின்று இழுப்பவர் ஒருவர் உடைந்த வள்ளப் பலகையில் இருந்த ஆணியை மிதித்தார். ஏற்புவலி கண்டு வாய் பூட்டிப்போய்ச் செத்தார். செத்தவீட்டில் அவருடைய மனைவி வந்தவர் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிச் சொல்லி அழுதார். "முதல் நாள் வாய்க்குள்ளை மூண்டு விரல் போனது. அடுத்த நாள் ரெண்டு. பிறகு ஒண்டு. பிறகு கோப்பி பருக்கக் கரண்டியும் போகேல்லையே." அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டிருந்தேன். விளங்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். எல்லாம் விளங்கியது.

வீட்டுக்குப் பின்னால் போய் மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். போனது.

திங்கட்கிழமை காலையும் போனது. மத்தியானம் போனது, ஆனால் காதடியில் ஒரு பிடிப்பு. குதிக்கால் உள்ளுக்குள் விண்விண்ணென்று தெறித்தது. நோவு பொய் என்று சொல்லிக்கொண்டு பல்லை இன்னும் இறுக்கினேன். இரவெல்லாம் அப்படியே கிடந்தேன். விட்டால் நோவு உண்மையாகிவிடும் என்று பயம்.

சொன்னால் என்ன? எத்தனையோ தரம் யோசித்தேன். சொன்னால் சப்பாத்து போகும், பந்து போகும். அதைவிட, மாமா என்னைப் பார்க்கும் பார்வை போகும். சொல்லாவிட்டால் வாய் பூட்டும். வாய் பூட்டிய பிறகு சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். யாராவது என் காலைப் பார்த்துத் தாங்களாகவே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன்.

மாதா கேட்கவில்லை. நான் உண்மையாகவே நொண்டத் தொடங்கியிருந்தேன். ஆனால் ஊரில் இன்னும் இருபத்தொரு பேர் நொண்டிக்கொண்டிருந்தார்கள். வலை காயப்போட்டிருந்த பெரியவர்கள் என்னைக் கண்டு கைதட்டினார்கள்.

"மற்றதுகள் எல்லாம் சும்மா பம்மாத்து. இவனைப் பார், அச்சொட்டா மாமன்ரை நடை!"

"இரத்தமல்லோ," என்றார் இன்னொருவர்.

அம்மாவும் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "காணும் உன்ரை பகிடி. போய்க் காலைக் கழுவு," என்றார். அதற்குமேல் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது விரலைத் திருகித்தான் உள்ளே விட முடிந்தது. புதன்கிழமை பின்னேர ஆராதனையில், எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து அளந்தேன். இரண்டு. பீடத்தில் இருந்த மாதாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவருடைய வாயும் மூடித்தான் இருந்தது.

வியாழக்கிழமை திருநாள். ஊர் முழுக்க வெடிச்சத்தமும் ஒலிபெருக்கியும். மத்தியானம் அம்மா ஆட்டிறைச்சி வைத்துச் சோறு போட்டார். என்னால் மெல்ல முடியவில்லை. சோற்றை உருட்டிப் பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில் அடக்கிக்கொண்டு எழும்பினேன்.

"பந்தடி விசர் பிடிச்சிட்டுது," என்றார் அம்மா. "சோறும் இறங்குதில்லை."

அப்பா என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு விரல் அளவுதான் திறந்தது. அதற்குள் யாரோ வாசலில் கூப்பிட, அப்பா எழும்பிப் போய்விட்டார்.

குதிக்காலைச் சுற்றி நீலமும் சிவப்புமாக ஒரு வட்டம் படர்ந்திருந்தது. கணுக்கால் மறைந்துபோனது. சப்பாத்துக்குள் அந்தக் கால் போகவில்லை. ஒரு காலில் சப்பாத்தும் கையில் மற்றதுமாக, அந்த இன்னொரு காலை மாமா எப்படியாவது உள்ளே தள்ளிவிடுவார் என்று, கரைவலை வாடிக்குப் போனேன். அது ஓலையால் வேய்ந்த கொட்டில். வலையும் கயிறும் வைப்பார்கள். பந்தடிக்காரர் உடுப்பு மாற்றுவதும் அங்கேதான். மூன்று மணி இருக்கும். மற்றவர்கள் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். உள்ளே மாமா வாங்குப் பலகையில் இருந்தார். முன்னால், டவுனில் இருந்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி, எங்கள் ஊரின் அரை டாக்குத்தர், முழந்தாளிட்டிருந்தார்.

மாமாவின் வலது முழங்காலை அன்றுதான் வெறுமையாகப் பார்த்தேன். எப்போதும் நீலத்துணி சுற்றியிருப்பார். இளநீரின் அடிப்பக்கம் மாதிரி வீங்கி மினுங்கியது. அப்போதிக்கரி கையில் ஊசி. என் நடுவிரலைவிட நீளம்.

"இது இந்த வருசம் மூண்டாந்தரம் எண்டு சொல்லுறாய், தம்பி. ஊசி நோவை மரக்கப்பண்ணும், மாத்தாது. இந்தக் காலோடை ஓடினியெண்டால் பிறகு கால் உன்ரை இல்லை."

"இண்டைக்கு மட்டும், ஐயா. ஊர் முழுக்க எனக்காகத்தானே நிக்குது."

ஊசி இறங்கியது. மாமா துவாயைச் சுருட்டிப் பல்லுக்குள் வைத்துக் கடித்தார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னுடைய பயத்தைவிட அது எனக்குப் பயமாக இருந்தது.

"மாமா," என்றேன் பல்லிடுக்கால். "நோகுதா?"

அவர் திரும்பிப் பார்த்தார். துவாயை எடுத்தார். வழக்கமான பதில் வரும் என்று நின்றேன்.

"ஓம் மருமோன். சரியா நோகுது," என்றார். "ஆருக்கும் சொல்லிப்போடாதை."

நான் அழத் தொடங்கினேன். அழுதுகொண்டே ஒரு விரலை வாய்க்குள் விட்டுக் காட்டினேன்; இரண்டாவதை விட முயன்று, போகவில்லை என்பதையும் காட்டினேன். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போதிக்கரிக்கு விளங்கிவிட்டது. என்னைத் தூக்கி வாங்கில் இருத்தி, இரண்டு காலையும் புரட்டிப் பார்த்தார். நகத்தால் மெழுகைக் கிளப்பினார். உள்ளே இருந்து வந்த மணத்துக்கு அவரே முகத்தைத் திருப்பினார்.

"ஆரடா இதை அடைச்சது?"

"நான்."

"என்ன குத்தினது?"

நான் கையிலிருந்த சப்பாத்தை நீட்டினேன். மாமா அதை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினார். பிறகு விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னட்டை ஏற்பு ஊசி இல்லை. பொழுதுபடுமுன்னம் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்," என்றார் அப்போதிக்கரி. "ரோட்டடியிலை ஐஸ் லொறி நிக்கும். ஆரையும் தேடிக்கொண்டு திரியாதை. கெதியாப் போ."

ரோட்டுக்கு ஒரு மைலுக்கு மேல், முழுவதும் மணல். மாமா என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினார். எங்களுக்குப் பின்னால் மைதானத்தில் விசில் கேட்டது. ஒலிபெருக்கியில் மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று தரம். ஒவ்வொரு தரமும் அவருடைய முதுகு ஒருமுறை விறைத்துத் தளர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, வாய் முழுதாகப் பூட்டுமுன் சொல்லி முடிக்க வேண்டிய செபங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் பனைகளுக்கு அருகே, மாமாவின் காலுக்குள் ஈர விறகு பிளப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அவர் சரிந்து, சமாளித்து, மறுபடி ஓடினார்.

"நோகேல்லையா மாமா?"

"இல்லையடா," என்றார். இரைத்துக்கொண்டே சிரித்தார். "இப்ப உண்மையாவே நோகேல்லை."

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படியானால் நோவு பொய்தான். வாடியில் சொன்னது சும்மா.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் என் குதிக்காலைக் கீறினார். ஊசி போட்டார். பிறகு என் இரண்டு காதுக்கும் கீழே கட்டைவிரலை வைத்து வெகுநேரம் உருட்டினார். "கொட்டாவி விடு பாப்பம்," என்றார். விட்டேன். வாய் திறந்தது.

"ஏற்பும் இல்லை, ஒண்டும் இல்லை. பல்லை எத்தினை நாளாக் கடிச்சுக்கொண்டிருக்கிறாய்?"

"நாலு நாள்."

"ஏன்?"

"மாமா சொன்னவர்."

மாமா சுவரோரம் வாங்கில் இருந்தார். நிலத்தைப் பார்த்தார். வாய்க்குப் பயமில்லை, ஆனால் இன்னும் இரண்டு நாள் மெழுகு இருந்திருந்தால் கால் கணுவோடு போயிருக்கும் என்று டாக்குத்தர் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா பதில் சொல்ல எழும்பப் பார்த்தார். எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் அவரைத் தாங்கித் திரைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவர் முனகுவது கேட்டது. ஊர் தோற்றுவிட்டதை யாரோ வந்து சொல்லியிருக்க வேண்டும், அதற்காக அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு, மூன்று விரலையும் வாய்க்குள் விட்டு விட்டு எடுத்துப் பார்த்தபடி நித்திரையாகிவிட்டேன்.

ஊர் தோற்றுத்தான் இருந்தது, மூன்றுக்குப் பூச்சியம். வீட்டுக்கு வந்தபோது கதை மாறியிருந்தது. "கொழும்புக் காசுக்கு ஓடுற கால் ஊருக்கு ஓடுமோ?" என்றார்கள். பக்கத்து ஊரிடம் காசு வாங்கிவிட்டு, மருமகனின் சின்னக் காயத்தைச் சாட்டி ஒளித்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள். மாமா மறுப்புச் சொல்லவில்லை. கொம்பனி அடுத்த உயிர்த்த ஞாயிறுக்கு முன்னரே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது அவர் உண்மையாக, ஊரறிய, காலை மணலில் கோடு விழ இழுத்து நடந்தார். அந்த நடையை ஒரு பிள்ளையும் பழகவில்லை.

அம்மா என் காலுக்காக மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். வெள்ளியில் ஒரு சிறிய பாதம் செய்து, கணுக்கால் வரை, கோயிலில் கட்டினோம். கண்ணாடிப் பெட்டிக்குள் கண்களும் கைகளும் குழந்தைகளுமாகத் தொங்கும் வெள்ளித் துண்டுகளோடு அதுவும் பல வருடம் தொங்கியது. மாமாவின் முழங்காலுக்கு யாரும் நேர்த்தி வைக்கவில்லை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. உள்நாட்டுச் சண்டையில் கோயிலும் பெட்டியும் போயின. மாமா விசுவமடுவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்து, பிறகு இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்த காலத்தில் காய்ச்சலில் போனார். அவர் போன வயதில் இப்போது நான் இருக்கிறேன்.

போன மாதம், இப்போது நாங்கள் இருக்கும் நெளுக்குளத்தில், பேத்தியின் பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டி. விளையாட்டு வீரர்களைப் பிள்ளைகள் முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்பது தலைப்பு. நடுவராக என்னை இருத்தினார்கள். கொள்ளலாம் என்றவர்கள் வெற்றிகளைச் சொன்னார்கள். கூடாது என்றவர்கள் ஊக்கமருந்தையும் சூதாட்டத்தையும் சொன்னார்கள். இரண்டு பக்கமும் கெட்டிக்காரப் பிள்ளைகள். புள்ளிகளைக் கூட்டினேன், கழித்தேன், திரும்பக் கூட்டினேன். நாங்கள் பழகியது மாமா ஓடிய ஓட்டத்தை அல்ல, அவருடைய நோவை. அவர் உண்மையாக ஓடிய ஒரே ஓட்டத்தைப் பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. இதை எந்தப் பக்கத்துக்குப் போடுவது? முடிவைக் கேட்டு அதிபர் இரண்டு தரம் இருமினார். சமன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் பேசியிருந்த பேத்தி இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அடுத்தநாள் வவுனியா டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். புதிய கோயிலில் கட்ட ஒரு வெள்ளிக் கால் வேண்டும் என்றேன். கடைக்காரப் பெடியன் தட்டிலிருந்து சிறிய பாதங்களை எடுத்துப் பரப்பினான்.

"இது காணாது, தம்பி. முழங்கால் வேணும்."

"முழங்கால் வரைக்குமெண்டால் செய்யத்தான் வேணும் ஐயா. வெள்ளி கூடப் போகும். ஆருக்குச் சுகமில்லை?"

"மாமாவுக்கு."

"சுகம் வந்திடும், பயப்பிடாதேங்கோ," என்றான்.

வெள்ளியும் கூலியும் சேதாரமும் சேர்த்து, முழங்கால் கொஞ்சம் வீங்கினாற்போல் இருக்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு மேலதிகமாகப் போட்டதையும் கூட்டி, இருபத்தேழாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.